ஊட்டிக் குளிரில் எலியும் ப்ரோப்ரனோலாலும்

துடிப்பின் ஒழுங்கின்மையை மருந்து அடக்குகிறதா என்று பார்க்க, வெள்ளை எலிக்கு ப்ரோப்ரனோலால் (இதயத்தில் அட்ரினலின் பிடிக்கும் பீட்டா ஏற்பிகளை அடைக்கும் பீட்டா பிளாக்கர்) போட்டு "இதயத் துடிப்பு இறங்கியது" என்று நோட்டில் எழுதுமுன் அறையின் வெப்பமானியைப் பாருங்கள். சமவெளியில் இதை மறந்தாலும் தப்பித்துவிடலாம். 2,240 மீட்டர் உயரத்தில், ஜனவரியில் புல்மேல் உறைபனி படியும் ஊட்டியில் தப்ப முடியாது.

எலி கூடுதலாக எரிக்காமல் உடம்புச் சூட்டைக் காத்துக்கொள்ள 28 முதல் 30 டிகிரி வேண்டும். ஆய்வு விலங்குகளை வைக்கும் கூடத்தின் விதிமுறையோ 18 முதல் 29 வரை ஒப்புக்கொள்கிறது. 18-இல் வைத்தால் விதிப்படி சரி. இதயத்தை முடுக்கும் சிம்பதெடிக் நரம்புகள் மட்டும் எலிக்குள் ராப்பகலாக உழைத்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் பீட்டா பிளாக்கர் கொடுத்தால் துடிப்பு மளமளவென்று சரியும். மருந்து பிரமாதம் என்று தோன்றும். அடைக்க நிறைய இருந்தது, அடைத்தது, அவ்வளவுதான். போதாததற்கு, பழுப்புக் கொழுப்பு தரும் சூட்டையும் ப்ரோப்ரனோலால் குறைத்துவிடும். உடல் குளிர்ந்தால் இதயம் தானாகவே மெதுவாகும். அப்புறம் மருந்தின் பங்கு எது, குளிரின் பங்கு எது என்று பிரிக்க வழியில்லை.

அதனால் மயக்கம் கொடுத்த நிமிடத்திலிருந்தே மலக்குடல் வெப்பமானியும் ஹீட்டிங் பேடும் இருக்க வேண்டும். 37 டிகிரி, அரை டிகிரிக்குமேல் விலகக் கூடாது. தென்மேற்குப் பருவமழையில் மரம் விழுந்து கரண்ட் போகும் ஊர், பேடை இன்வெர்ட்டரில் மாட்டிவிடுங்கள். மேட்டுப்பாளையம் வழியாக மேலே வந்த எலிகளுக்கு இரண்டு வாரமாவது ஓய்வு கொடுக்க வேண்டும். இங்கே காற்றில் ஆக்சிஜன் அழுத்தம் கடல்மட்டத்தைவிடக் கால்பங்கு குறைவு.

மயக்கத்துக்குக் கெட்டமின்–சைலசின் கலவை வேண்டாம். சைலசினே துடிப்பைக் குறைக்கும். மூச்சில் தரும் ஐசோஃப்ளூரேன் 1.5–2 சதவீதம், ஆக்சிஜனோடு. மலையில் இருக்கிறோம் என்பதற்காக அதை ஆவியாக்கும் வழக்கமான வேப்பரைசரின் டயலைக் கூட்ட வேண்டியதில்லை. அது வெளியே விடும் ஆவியின் அழுத்தம் ஏறக்குறைய அதேதான்.

அளவில்தான் பலரும் சறுக்குகிறார்கள். கிலோவுக்கு 1 மில்லிகிராம், உப்புநீரில் மில்லிக்கு 1 மில்லிகிராமாகக் கரைத்து, 250 கிராம் எலிக்கு 0.25 மில்லி, வால் சிரையில் ஒரு நிமிடம் எடுத்து மெதுவாக. ஹைட்ரோகுளோரைடு உப்பு என்றால் 1.14 மில்லிகிராம்தான் 1 மில்லிகிராம் மூல மருந்துக்குச் சமம். எந்தக் கணக்கு என்று நோட்டில் எழுதுங்கள். "ஒழுங்கின்மை அடங்கவில்லையே" என்று அளவைப் பத்து மடங்காக்கினால் அடங்கத்தான் செய்யும். ஆனால் அடக்குவது பீட்டா அடைப்பு மட்டுமல்ல, இதயச் செல்களுக்குள் சோடியம் நுழையும் வழித்தடத்தை மறிக்கும் குணமும் சேர்ந்துதான். இரண்டும் ஒன்றல்ல என்பதற்கு மனிதர்களிடமே சாட்சி இருக்கிறது. மாரடைப்பு வந்த 3,837 பேரிடம் நடந்த பிஹாட் ஆய்வில் ப்ரோப்ரனோலால் இறப்பை 9.8-இலிருந்து 7.2 சதவீதமாக்கியது. சோடியம் வழித்தடத்தை மறிக்கும் ஃப்ளெகைனைடும் என்கைனைடும் இறப்பைக் கூட்டின என்று 1989-இல் காஸ்ட் ஆய்வு காட்டியது.

பிரித்தறிய எளிய வழி, ப்ரோப்ரனோலாலின் இரண்டு கண்ணாடிப் பிம்ப வடிவங்களில் ஒன்றான டெக்ஸ்ட்ரோ ப்ரோப்ரனோலால். சோடியம் குணம் அதற்கும் உண்டு, பீட்டா அடைப்பு ஏறக்குறைய இல்லை. அதுவும் ஒழுங்கின்மையை அதே அளவு அடக்கினால் உங்கள் முடிவை பீட்டா அடைப்பின் கணக்கில் எழுத முடியாது. அடைப்பு நிஜமாகவே இருக்கிறதா என்று பார்க்க, மருந்துக்கு முன்னும் பத்து நிமிடம் கழித்தும் பீட்டா ஏற்பியைத் தூண்டும் ஐசோப்ரினலினைக் கிலோவுக்கு 0.1 மைக்ரோகிராம் கொடுங்கள். முதல்முறை துடிப்பு எகிறும், இரண்டாம்முறை அசையக் கூடாது. கரைசலை அன்றன்றே, அஸ்கார்பிக் அமிலம் சேர்த்துக் கலக்குங்கள். இளஞ்சிவப்பாக மாறியது கெட்டது.

அட்ரினலினால் ஒழுங்கின்மையைத் தூண்டுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பீட்டா அடைபட்டாலும், இரத்தக் குழாய்களைச் சுருக்கும் ஆல்ஃபா ஏற்பி திறந்தே கிடக்கிறது. இரத்த அழுத்தம் விர்ரென்று ஏறும், வேகஸ் நரம்பு துடிப்பை இழுத்துப் பிடிக்கும், நுரையீரலில் நீர் கோத்து எலி செத்தும் போகும். ஈசிஜி மட்டும் வைத்திருந்தால் "மருந்தால் செத்தது" என்றே தெரியும். கழுத்துத் தமனியில் அழுத்தமானி அவசியம்.

எண்ணும்போதும் குழப்பம் உண்டு. இதயம் மெதுவானதால் கீழறையிலிருந்து தாமதமாகக் கிளம்பும் துடிப்பை, முன்கூட்டிய துடிப்பாக எண்ணிவிடுவார்கள். முந்தைய இடைவெளியைப் பாருங்கள்: குறைந்திருந்தால் முன்கூட்டியது, நீண்டிருந்தால் தாமதமானது. முன்கூட்டியவை நான்கோ அதற்கு மேலோ தொடர்ந்து வந்தால்தான் ஆய்வாளர்கள் பின்பற்றும் லாம்பெத் வரையறைப்படி வென்ட்ரிகுலர் டாக்கிகார்டியா (கீழறை வேகத்துடிப்பு). எது மருந்து வாங்கிய எலி என்று மெதுவான துடிப்பே காட்டிக்கொடுக்கும் என்பதால், மருந்துக் குழு தெரியாத ஒருவரிடம் ஈசிஜி பதிவைத் துடிப்பு எண்ணிக்கைப் பத்தியை மறைத்துத் துண்டுத் துண்டாகத் தாருங்கள்.