எரிந்த ஊரின் மண்ணை அறிவது

மெக்சிகோவுக்கு எதிரான டெக்சாஸ் புரட்சியில் சான் ஃபெலிப்பே தெ ஆஸ்டின் நகருக்குத் தீ வைத்தது டெக்சாஸின் சொந்தப் படைதான். பிராசஸ் ஆற்றின் மேற்குக் கரையில், ஸ்டீஃபன் ஆஸ்டின் அமெரிக்கர்களைக் கொண்டுவந்து அமைத்த குடியேற்றத்துக்குத் தலைமையிடமாக இருந்த ஊர் அது. 1836 மார்ச் கடைசியில், ஆற்றுத் துறையைக் காக்க நின்ற மோஸ்லி பேக்கரின் ஆட்கள் அதைக் கொளுத்தினார்கள். துரத்தி வரும் மெக்சிகோ தளபதி சாந்தா அன்னாவின் படைக்குத் தானியமோ கூரையோ கிடைக்கக் கூடாது என்பது கணக்கு. இரண்டு வாரத்துக்கு முன் கான்சாலெஸ் என்ற ஊருக்கும் இதே கதி.

இப்படிப்பட்ட ஊரைத் தோண்டும்போது கரியைக் கண்டதும் துள்ளக் கூடாது. அடுப்பிலும் கரி உண்டு, பிற்காலத்தில் புதரை எரித்த இடத்திலும் உண்டு. சுட்ட களிமண்தான் நம்பத்தக்கது. மரவீட்டின் கட்டைகளுக்கு இடையே அப்பிய களிமண், வீடு எரியும்போது செங்கல்போல் சிவந்து இறுகும். கட்டையின் வளைவு அதில் அச்சாகப் பதிந்திருக்கும். புகைபோக்கியின் உட்பூச்சும் அன்றாடச் சமையலில் சிவக்கும் என்பதால், அடுப்பிலிருந்து தள்ளி, சுவர் ஓடிய கோட்டில் கிடைத்தால் மட்டுமே ஏற்கலாம்.

அடுத்தது ஆணி. தீப்படாத ஆணி துருவேறி மண்கட்டியாக உப்பிப்போகும். தீயில் கிடந்ததன் மேல் நீலம் கலந்த சாம்பல் நிறச் செதில் படிந்து, பெரும்பாலும் தலையும் விளிம்பும் தெளிவாக நிற்கும். ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும். ஜன்னல் கண்ணாடி குழைய 600, 700 டிகிரியாவது வேண்டும். ஈயம் உருகி உறைந்து, பக்கத்துக் கண்ணாடி வளையாமல் இருந்தால், அந்த மூலையில் தீ அதிகம் ஏறவில்லை. 6 மி.மீ. சல்லடையில் சிறு ஈயத்துளிகள் நழுவிவிடும். எரிந்த அடுக்கின் மண்ணையாவது 3 மி.மீ. சல்லடையில் சலிக்க வேண்டும்.

கரியைக் கார்பன் காலக்கணிப்புக்கு அனுப்புவது இங்கே வீண்செலவு. கார்பன் அளவை ஆண்டாக மாற்ற உதவும் அளவீட்டுக் கோடு 1650க்குப் பின் ஏறி இறங்குவதால் 1836ஐத் தனியே பிரித்துச் சொல்ல முடியாது. பீங்கானின் அச்சுச் சித்திரம் அதைவிட நெருக்கமான காலம் தரும்.

ஊர் பிறகு ஓரளவு எழுந்தது என்பதுதான் பெரிய தொல்லை. பின்னால் வந்தவர்கள் வெட்டிய குழி எரிந்த அடுக்கைத் துளைத்திருக்கும். கண்ணை மூடிக்கொண்டு 10 செ.மீ. அடுக்குகளாக இறங்கினால் இரண்டு காலமும் ஒரே பையில் கலந்துபோகும்.

ஊரைக் கொளுத்தச் சொல்லி டெக்சாஸ் படைத்தலைவர் சாம் ஹூஸ்டன் உத்தரவிட்டார் என்றார் பேக்கர், ஹூஸ்டன் மறுத்தார். அதற்கு மண்ணிடம் பதில் கேட்பது தவறு. வண்டியில் ஏற்ற முடியாமல் ஒவ்வொரு குடும்பமும் விட்டுப்போனது என்ன என்று மண் சொல்லும். அந்த மக்களுக்கு நாம் செய்ய வேண்டிய நியாயம் அதுதான். தட்டுகள் அடுக்காக ஒட்டிக் கிடந்தால் பிரிக்காமல் மண்ணோடு தூக்குங்கள். கத்திக் கீறல் இருந்தால் வீட்டில் புழங்கியது. அடுக்கு முழுவதிலும் கீறலே இல்லாவிட்டால், விற்க வைத்திருந்த கடைச்சரக்காக இருக்கலாம்.