காபிப் பழம் பறிப்புக் காலம்: சில நாட்கள்

நவம்பர் 30, ஞாயிறு

கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. பீடத்தில் ஊதாத் துணி. வாய் பாமாலை பாடிக்கொண்டிருந்தது, நான் அங்கே இல்லை. வெளியே வந்ததும் சிக்னல் தேடிப் பிடித்து மகளுக்குப் போன் செய்தேன். அவள் அம்மாவின் டெஸ்ட் ரிப்போர்ட் வரவில்லை. புதன்கிழமை என்கிறார்களாம்.

டிசம்பர் 1, திங்கள்

எஸ்டேட் மேல்காட்டில் காபிப் பறிப்பு ஆரம்பம். நான்கு மணிக்கு மேல் களத்தில் எடை. பெண்கள் சாக்கை விரித்துப் பழத்தைக் கொட்டி, பச்சைக்காயையும் இலையையும் பொறுக்கி எறிந்துவிட்டு, மறுபடி கட்டித் தூக்கி வருகிறார்கள். விரலெல்லாம் பிசுபிசுத்துக் கறுத்துக் கிடக்கிறது. எனக்கு முன் கணக்கெழுதிய ரைட்டர் விட்டுப்போன நோட்டைப் புரட்டினால் ஒவ்வொரு பெயருக்கும் நேராக இரண்டு எண். தராசு முள் காட்டியது ஒன்று, கூலிக்கு எழுதியது ஒன்று. இரண்டுக்கும் ஒரு கிலோ வித்தியாசம்.

"ஈரக்கழிவுங்க சார்" என்றார் மேஸ்திரி.

"வெயில் அடிச்ச நாளும் கழிச்சிருக்கே?"

"பழம்னா உள்ள ஈரம் இருக்குமில்லீங்களா."

நான் ஒரே எண்ணை எழுதினேன்.

இரவு போனில் மனைவி: "என்னங்க, ஜெபிக்க வரலைன்னா விடுங்க. நூத்திப்பத்தொம்பதாம் சங்கீதத்துல தினம் எட்டு வசனம் படிங்க. நானும் இங்க அதையேதான் படிக்கிறேன்." அந்த நிலையில் இருந்துகொண்டு எனக்கு வேலை கொடுக்கிறாள்.

டிசம்பர் 2, செவ்வாய்

ஒன்பது முதல் பதினாறு. படித்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

டிசம்பர் 3, புதன்

வரவில்லை.

டிசம்பர் 4, வியாழன்

மத்தியானம்தான் கொடுமை. காலையில் செக்ரோல் என்ற ஆள்வருகைப் பதிவு, சாயங்காலம் எடை. நடுவில் ஸ்டோர் ரூமில், பழத்தோல் உரிக்கும் பல்ப்பர் தண்ணீரின் புளித்த நாற்றமும் நானும். கடிகாரத்தைப் பார்ப்பேன், வாசலுக்குப் போய் யாராவது வருகிறார்களா என்று பார்ப்பேன், வந்து உட்காருவேன். பைபிள் மேஜைமேல்தான் இருக்கிறது. கை போகாது. இவ்வளவுக்கும் பாவமும் இல்லை, சந்தேகமும் இல்லை. கடவுள் இருக்கிறார், நான் இருக்கிறேன், அவ்வளவுதான்.

கத்தோலிக்க நண்பர் ஒருவர் கொடுத்த புத்தகத்தில் எவாக்ரியஸ் என்று ஒரு துறவி. நான்காம் நூற்றாண்டு, எகிப்து வனாந்தரம். இந்த நோயை அவர் மத்தியானப் பிசாசு என்கிறார். பொழுது நகராததுபோல் காட்டுமாம். ஜன்னலையே பார்க்க வைக்குமாம், சாப்பாட்டு வேளைக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று வெயிலை அளக்க வைக்குமாம். இருக்கிற இடத்தின்மேல் வெறுப்பு, செய்கிற வேலைமேல் வெறுப்பு, சகோதரரிடத்தில் அன்பே இல்லை என்ற எண்ணம் எல்லாம் வருமாம். ஸ்டோர் ரூமுக்கு வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போய் எழுதியிருக்கிறார் மனுஷன். அவர் சொல்லும் வைத்தியத்தில் பரவசம் எதுவும் கிடையாது. அறையை விட்டு ஓடாதே, கைவேலையைச் செய், வருகிற எண்ணத்துக்கு ஒரு வசனத்தை எடுத்துப் பதில் சொல். எந்த எண்ணத்துக்கு எந்த வசனம் என்று ஒரு புத்தகமே தொகுத்து வைத்திருக்கிறார். ரைட்டர் வேலைக்கு ஏற்ற ஆள்.

இன்றைய பகுதி 25-இல் தொடங்குகிறது. "என் ஆத்துமா மண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது." சரி, தெரிந்த ஆள்தான் என்று மேலே படித்தால், எட்டாவது வசனத்தில் அதே ஆள் உமது கற்பனைகளின் (கட்டளைகளின்) வழியாக ஓடுவேன் என்கிறான். நடுவில் என்ன நடந்தது? ஒன்றுமே நடக்கவில்லை. கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறான்: எடுத்து நிறுத்தும், உணர்த்தியருளும், விலக்கும்.

டிசம்பர் 5, வெள்ளி

மேனேஜர் கூப்பிட்டார். அவருக்குப் பின்னால் சுவரில் வசனக் காலண்டர், கர்த்தர் மேய்ப்பராயிருக்கிறார். "கழிவு போடலையாமே? எல்லா எஸ்டேட்லயும் உள்ள பழக்கம்தான். நீங்க புதுசு." "முள் காட்டினதை எழுதினேன் சார்" என்றேன். கோபமோ வைராக்கியமோ எதுவும் எனக்குள் இல்லை. அதுதான் உறுத்துகிறது. ராஜா முன் நின்ற எலியா தீர்க்கதரிசியைப்போல நின்றிருந்தால் சொல்லிக்கொள்ளலாம். நான் ரேஷன் கடையில் கார்டு காட்டுகிற ஆள் மாதிரி நின்றேன்.

36: "என் இருதயம் பொருளாசையைச் சாராமல், உமது சாட்சிகளைச் சாரும்படி செய்யும்." இதையும் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது அவனுக்கு.

டிசம்பர் 7, ஞாயிறு

ஆயர் இன்று, அனலுமின்றிக் குளிருமின்றி இருக்கிறாய் என்று வெளிப்படுத்தின விசேஷம் கண்டிக்கிற லவோதிக்கேயா சபையை எடுத்தார். பக்கத்தில் எராப்போலியில் வெந்நீர் ஊற்று, கொலோசெயில் குளிர்ந்த தண்ணீர், இந்த ஊருக்குக் குழாயில் வந்து சேர்ந்ததோ வெதுவெதுப்பு. நன்றாகத்தான் சொன்னார். எல்லாரும் அனல்கொள்ள வேண்டும் என்று முடித்தார். பெஞ்சில் பாதிப்பேர் தலையாட்டினோம்.

எனக்கு அந்த முடிவில் உடன்பாடில்லை. அந்தச் சபையின் வியாதி அடுத்த வசனத்தில்தான் இருக்கிறது: ஐசுவரியவான், எனக்கு ஒரு குறைவுமில்லை என்கிறது அது. மண்ணில் ஒட்டிக் கிடக்கிறேன் என்று கத்துகிறவன் வேறு, குறைவில்லை என்று கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பவன் வேறு. இருவரையும் ஒரே பிரசங்கத்தில் போட்டு அடித்தால் முதல் ஆளுக்குத்தான் வலிக்கும், இரண்டாம் ஆள் கைகுலுக்கிவிட்டுப் போவான். ஆயரிடம் சொல்லியிருக்கலாம். மழை வந்துவிட்டது.

மகள் சொல்கிறாள், லேபில் மறுபடி பார்க்க வேண்டும் என்றார்களாம். எதை மறுபடி பார்க்க?

டிசம்பர் 8, திங்கள்

62: பாதிராத்திரியில் எழுந்திருப்பேன் என்கிறான். நானும் எழுந்தேன், துதிக்க அல்ல.

டிசம்பர் 10, புதன்

குளிர். காட்டுக்குள் பத்து மணிவரை பனி விலகவில்லை, சில்வர் ஓக்கில் ஏறிய மிளகுக்கொடி சொட்டிக்கொண்டே இருந்தது.

லேவியராகமம் 19 எடுத்தேன், சங்கீதத்துக்கு வெளியே. அளவிலும் நிறையிலும் அநியாயம் செய்யாதிருங்கள், சுமுத்திரையான, அதாவது சரியான, தராசு வேண்டும் என்று சொல்லிவிட்டு, அதே மூச்சில் "நான் உங்களை எகிப்துதேசத்திலிருந்து புறப்படப்பண்ணின உங்கள் தேவனாகிய கர்த்தர்" என்கிறார். தராசுக்கும் எகிப்துக்கும் என்ன சம்பந்தம் என்று இத்தனை வருஷம் யோசித்ததில்லை. யாத்திராகமம் 5-ஐத் திருப்பினேன். வைக்கோல் கொடுக்க மாட்டார்கள், செங்கல் கணக்கு மட்டும் குறையக்கூடாது. கணக்கு குறைந்தால் அடி. அடிவாங்கிய அந்த ஜனத்துக்குத்தான் தராசைச் சரியாக வை என்கிறார். களத்தில் சாக்கோடு நின்றவர்களின் பக்கத்திலிருந்து எழுதப்பட்ட சட்டம் இது. உபாகமம் 24-ம் அப்படித்தான்: பொழுது போகுமுன்னே கூலியைக் கொடு, அவன் ஏழை, அதின்மேல் ஆவலாயிருக்கிறான். அந்த ஆவலை யாரோ களத்தில் நின்று பார்த்திருக்கிறார்கள்!

சாயங்காலம் ஒரு கிழவி எடைச்சீட்டை வாங்கி, பேரனிடம் காட்டிப் படிக்கச் சொல்லிவிட்டு என்னிடம் வந்தாள். "ஏஞ்சாமி, இந்த வருசம் பழம் கனமா காய்ச்சிருக்கா?" ஆமாம்மா என்றேன்.

நாள் முழுக்க ரிப்போர்ட்டை நினைக்கவில்லை. இதை எழுதும்போதுதான் நினைத்தேன்.

டிசம்பர் 11, வியாழன்

83. புகையிலுள்ள துருத்தி, புகை பட்டுக் காய்ந்த தோல்பை. போதும், அதற்குமேல் இன்று எழுத வரவில்லை.

டிசம்பர் 13, சனி

"உமது வேதத்தில் நான் எவ்வளவு பிரியமாயிருக்கிறேன்!" வந்துவிட்டது அந்த வசனம். ஞாயிறு பள்ளியில் கைதட்டிச் சொன்னது. சத்தமாகப் படித்தால் பொய்போல் கேட்கிறது, மனதுக்குள் படித்தேன்.

ஆனால் இதைச் சொன்னவன் யார்? எபிரெயுவில் இந்தச் சங்கீதம் அகரவரிசைப்படி போகிறது. 22 எழுத்து, எழுத்துக்கு எட்டு வசனம், எட்டும் அதே எழுத்தில் தொடங்கும். மொத்தம் 176. உணர்ச்சிவசப்பட்டவன் இப்படிக் கோடு போட்டு நிரப்ப மாட்டான். மனசு வந்த நாளும் வராத நாளும் பதிவேடு எழுதுகிறவனின் வேலை இது. கடைசி வசனத்தில்கூட அவன் வழிதப்பிப்போன ஆடு, என்னைத் தேடும் என்று கேட்கிறான். அவன் பிரியம் என்று சொன்னால் நம்பலாம்.

அவளிடம் இதைச் சொன்னேன். "இதுக்குத்தான் படிக்கச் சொன்னேன்னு நெனைக்காதீங்க. எனக்குத் தூக்கம் வரல, துணைக்கு ஆள் வேணும்னுதான்."

டிசம்பர் 14, ஞாயிறு

கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்ட்ஸ் பையன்கள் தொழிலாளர் லயன் வீடுகள்வரை வந்துவிட்டார்கள். டிரம் சத்தத்தில் நாய்கள் ஓடின. முறுக்கு கொடுத்தேன்.

டிசம்பர் 16, செவ்வாய்

ரிப்போர்ட் வந்தது. மகள் போட்டோ எடுத்து அனுப்பினாள். பெரிதாக்கிப் பார்த்தேன், பாதி வார்த்தை புரியவில்லை, புரிந்த பாதி போதும். வியாழக்கிழமை டாக்டர் வரச்சொல்லியிருக்கிறார்.

மேனேஜரிடம் லீவு கேட்டேன். கொடுத்தார். "திரும்பி வந்து அந்தக் கழிவு விஷயம் பேசணும்" என்றார். பேசலாம் சார் என்றேன்.

டிசம்பர் 17, புதன்

நாளை முதல் பஸ். 20 கொண்டை ஊசி வளைவும் இறங்க வேண்டும், அவளுக்கு ஆரஞ்சு வாங்க வேண்டும், மலைத்தேன் கேட்டிருந்தாள். நோட்டை மேஸ்திரி மகனிடம் ஒப்படைத்தேன், பத்தாவது படித்த பையன். தட்டைத் துடைத்துவிட்டு முள் பூஜ்ஜியத்துக்கு வந்த பிறகு சாக்கை வை, காட்டுகிறதை எழுது, யார் என்ன சொன்னாலும் என் பெயரைச் சொல் என்றேன். "சரிங்க சார். எத்தனை நாளைக்குங்க?" என்றான்.

136 வரை படித்தாகிவிட்டது. நாளைக்கானதை அவள் பக்கத்தில் உட்கார்ந்து படிக்க வேண்டும்.