கேட்சரின் கை

மார்ச் 2

இன்று மோ பெர்க் பிறந்த நாள். 1902-ல் நியூயார்க்கில் பிறந்து, பக்கத்திலிருக்கும் நூவர்க்கில் வளர்ந்தவர். அமெரிக்க பேஸ்பால் வீரர், இரண்டாம் உலகப் போரில் உளவாளி. ஒரு வாரமாக இவரைப் பற்றித்தான் படிக்கிறேன். விளக்கை அணைத்துப் படுத்தாலும் மனசு அங்கேயே நிற்கிறது. எழுதிவிட்டால் கொஞ்சம் இறங்கும்.

அப்பா பெர்னார்ட் மருந்துக்கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னால் உட்கார்ந்து தானாகவே மொழிகள் கற்றுக்கொண்ட மனிதர். மகன் பிரின்ஸ்டனில் லத்தீன், கிரேக்கம், பிரெஞ்சு, ஜெர்மன், கூடவே சமஸ்கிருதமும் படித்து 1923-ல் பட்டம் வாங்கினான். அப்புறம் நேராகப் போய் பேஸ்பால் அணியில் சேர்ந்துவிட்டான். அப்பாவுக்கு அது தாங்கவில்லை. ஆடிக்கொண்டே கொலம்பியாவில் சட்டமும் படித்து முடித்தான்; அதுவும் போதவில்லை. 15 சீசன் ஆடிய மகனை அந்த அப்பா ஒரு தடவைகூட மைதானத்துக்கு வந்து பார்க்கவில்லை. 1942 ஜனவரியில் இறந்தும் போனார்.

இன்றைக்கு இதற்கு மேல் எழுத ஓடவில்லை.

மார்ச் 3

663 ஆட்டங்கள், 6 ஹோம் ரன் (பந்தை எல்லைக்கு வெளியே தூக்கி அடிப்பது), அடிக்கும் சராசரி .243. அதாவது நூறு முறை மட்டையோடு நின்றால் 24 முறை ஒழுங்காக அடிப்பார். பெரிய ஆட்டக்காரர் இல்லை. பல வருஷம் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். ஆனாலும் அணிகள் அவரை விடவில்லை, ஏனென்றால் அவர் கேட்சர், கிரிக்கெட் கீப்பர் மாதிரி.

1927-ல் சிகாகோ ஒயிட் சாக்ஸின் கேட்சர்கள் ஒருவர் பின் ஒருவராக அடிபட, ஆள் இல்லாமல் இவரை நிறுத்தினார்கள். அப்படியே அந்த இடம் அவருடையதாகிவிட்டது. மட்டையாளருக்குப் பின்னால் முகமூடியோடு குந்தி உட்கார்ந்து, தொடைகளுக்கு நடுவே விரல்களைக் காட்டி, எந்தப் பந்து போடவேண்டும் என்று சொல்ல வேண்டும். எதிரணிக்கு அந்த ஜாடை தெரிந்துவிடக் கூடாது.

நான் டென்னிஸ் பந்து கிரிக்கெட்டில் ஆறு வருஷம் கீப்பர். எங்கள் அண்ணன் ஒருவர் திரும்பத் திரும்பச் சொல்வார்: "பந்து வர்றதுக்கு முன்னாடி கை நகரக் கூடாதுடா." கேட்பதற்குச் சின்ன விஷயம். எனக்கு அது கைவர நாலு வருஷம் ஆனது.

மார்ச் 5

1934. பேப் ரூத், லூ கெரிக் போன்ற பேஸ்பாலின் பெரும் தலைகளோடு பெர்க்கும் ஜப்பான் போனார். நவம்பர் 29 அன்று அணி ஓமியாவில் ஆட, இவர் மட்டும் போகவில்லை. கிமோனோ உடுத்தி, கையில் பூங்கொத்தோடு டோக்கியோவின் செயின்ட் லூக்ஸ் மருத்துவமனைக்குப் போனார். அமெரிக்கத் தூதரின் மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, பார்க்க வந்தேன் என்றார். அந்தப் பெண்ணைப் பார்க்கவே இல்லை. நேராக மொட்டைமாடிக்கு ஏறி, மறைத்துக் கொண்டுவந்த 16 மி.மீ. கேமராவால் நகரத்தையும் துறைமுகத்தையும் படம் பிடித்தார். 1942-ல் அந்தப் படச்சுருளை ராணுவ உளவுத் துறையினருக்குப் போட்டுக் காட்டினார்.

மார்ச் 8

இதை எழுதத்தான் இத்தனை நாள் சுற்றி வந்தேன் போல.

1943-ல் பெர்க் அமெரிக்க உளவு அமைப்பான ஓஎஸ்எஸ்ஸில் சேர்ந்தார். இன்றைய சிஐஏவுக்கு முன்னோடி அது. ஹிட்லருக்கு அணுகுண்டு கிடைத்துவிடுமோ என்ற பயம் அமெரிக்காவை ஆட்டிக்கொண்டிருந்த காலம். இவரை முதலில் இத்தாலிக்கு அனுப்பினார்கள். ரோமில் அமால்டி போன்ற இயற்பியலாளர்களைச் சந்தித்துப் பேசினார். பிறகு சுவிட்சர்லாந்து.

1944 டிசம்பர் 18, ஜூரிக். ஜெர்மனியின் தலைசிறந்த இயற்பியலாளர் ஹைசன்பர்க் அங்கே உரையாற்றுகிறார். சின்ன அறை, சின்னக் கூட்டம். அதில் பெர்க்கும் ஒருவர். சட்டைப் பையில் துப்பாக்கி; பிடிபட்டால் தனக்கு சயனைடு. குண்டு நெருங்கிவிட்டது என்று ஹைசன்பர்க் பேச்சில் தெரிந்தால் அங்கேயே சுட வேண்டும் என்பது உத்தரவு.

உரை எஸ்-மேட்ரிக்ஸ் பற்றியது; துகள்கள் மோதிச் சிதறுவதைக் கணக்கிடும் முறை அது. குண்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பெர்க் இயற்பியலாளரும் இல்லை. ஆனாலும் கரும்பலகை சூத்திரங்களை நிதானமாகக் குறிப்பெடுத்தார். கேட்கக் கேட்க, முன்னால் நிற்கும் மனிதர் சாக வேண்டியவரா என்று அவர் ஒருவரே முடிவு செய்ய வேண்டும். யோசனை கேட்கப் பக்கத்தில் ஒருவரும் இல்லை.

சுடவில்லை. சில நாள் கழித்து ஒரு விருந்தில் ஹைசன்பர்க்கைப் பார்த்தார். ஜெர்மனி தோற்றுவிட்டது போலவே ஹைசன்பர்க் பேசினார். விருந்து முடிந்து இருவரும் இருட்டில் சேர்ந்து நடந்தார்கள். அப்போதும் சுடவில்லை.

அவர் கணித்தது சரி. ஜெர்மனி அணுகுண்டுக்குப் பக்கத்தில்கூட வந்திருக்கவில்லை. ஹைகர்லோக் என்ற ஜெர்மன் ஊரில் ஒரு குகைக்குள் கட்டிய அணு உலை 1945-லும் இயங்கவில்லை. ஹைசன்பர்க் 1976 வரை வாழ்ந்தார். அவசரப்பட்டிருந்தால் யாரும் பெர்க்கைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அதை நினைக்கும்போதுதான் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

மார்ச் 9

ஜூரிக் அறையில் பெர்க்கின் கை துப்பாக்கி இருந்த பையில் இருந்ததா, மேஜைமேல் இருந்ததா? நாள் முழுக்க இதே யோசனை. குறிப்பெடுத்திருக்கிறார் என்றால், ஒரு கையில் பேனா இருந்திருக்க வேண்டும்.

மார்ச் 12

போருக்குப் பிறகு அமெரிக்க அரசு சுதந்திரப் பதக்கம் கொடுத்தது. வேண்டாம் என்றுவிட்டார். நிலையான வேலை எதிலும் இருக்கவில்லை, கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. வருஷக்கணக்காக அண்ணன் சாமுவேல் வீட்டில், அப்புறம் அக்கா எதெல் வீட்டில். பேஸ்பால் ஆட்டங்களுக்குத் தனியாகப் போய் உட்காருவார்.

செய்தித்தாள் விஷயத்தில் மட்டும் ஒரு பிடிவாதம். தான் படித்து முடிக்கும்வரை தாளுக்கு உயிர் இருக்கிறது. அதற்குள் வேறு யாராவது தொட்டால் செத்துவிட்டது, புதிதாக வாங்கி வருவார். படிக்காத தாள்கள் அறையில் கட்டுக்கட்டாகக் குவிந்து கிடக்கும்.

1972 மே 29 அன்று காலமானார். அவர் வேண்டாமென்ற பதக்கத்தை எதெல் வாங்கிக்கொண்டார்.