வீட்டு நீச்சல் குளப் பரிசோதகர் தேர்வு: அளவுகளுக்குப் பின்னால் இருக்கும் காரணத்தைப் படியுங்கள்

வீட்டு நீச்சல் குளங்களில் பாதுகாப்புக் குறைகளைக் கண்டறியும் பரிசோதகர் சான்றிதழுக்குப் படிக்கத் தொடங்குகிறவர்கள் பலரும் முதலில் அளவுகளை மனப்பாடம் செய்வதில் இறங்கிவிடுகிறார்கள். வேலி உயரம், தாழ்ப்பாள் உயரம், கம்பி இடைவெளி, பிளக் பாயிண்ட் தூரம் என்று பட்டியல் நீளும். கொஞ்ச நாளில் எல்லாம் ஒன்றோடொன்று குழம்பிவிடும். நான் வேறு வழியில் படித்தேன். ஒவ்வோர் அளவின் பக்கத்திலும் "இது இல்லாவிட்டால் யார், எப்படிச் சாவார்?" என்று எழுதிக்கொண்டேன். கேட்கக் கடுமையாகத்தான் இருக்கும். ஆனால் அப்படிப் படித்தது மறக்கவில்லை. சுற்றி வளைத்துக் கேட்கப்பட்ட கேள்விகளிலும் கைகொடுத்தது.

வேலியிலிருந்து தொடங்குங்கள். அமெரிக்காவில் 1 முதல் 4 வயது வரையிலான குழந்தைகளின் இறப்புக்கு முதல் காரணம் நீரில் மூழ்குவதுதான். மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கத்துவதில்லை, சத்தமே வராது. அதனால்தான் குழந்தை தண்ணீரை எட்டாமல் தடுப்பதற்கு விதிகள் இவ்வளவு இடம் தருகின்றன. நான் படித்த சர்வதேச நீச்சல் குளம் மற்றும் ஸ்பா விதித்தொகுப்பில் வேலியின் குறைந்தபட்ச உயரம் 48 அங்குலம், அதாவது ஏறக்குறைய 122 செ.மீ. வேலியில் எங்கேயும் 4 அங்குல விட்டமுள்ள உருண்டை நுழையக் கூடாது. அந்த உருண்டையைச் சின்னக் குழந்தையின் உடல் என்று வைத்துக்கொண்டால் 4 என்ற எண் மனதில் நின்றுவிடும்.

அடுத்தது ஏறும் வழி. குறுக்குக் கம்பிகள் இரண்டுக்கும் நடுவே 45 அங்குலத்துக்குக் குறைவாக இருந்தால் அவை குழந்தைக்கு ஏணிப்படி ஆகிவிடும். அப்போது அவை குளத்தின் பக்கமாக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட வேலியில் நேர்க் கம்பிகளின் இடைவெளியும் பாதம் நுழையாதபடி 1.75 அங்குலத்துக்குள் அடங்க வேண்டும். வேலியை மட்டும் அளந்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். ஒட்டி நிற்கும் பூந்தொட்டி, பம்ப், ஏசியின் வெளி யூனிட், நாற்காலி எல்லாமே படிதான். படத்தைக் கொடுத்து "குறை எது?" என்று கேட்டால் வேலியை விட்டுவிட்டு அதன் அருகில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

கேட் குளத்திலிருந்து விலகி வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும், தானாக மூட வேண்டும், தானாகத் தாழிட வேண்டும். முழுக்கத் திறந்து விட்டுப் பார்ப்பது மட்டும் போதாது. தாழ்ப்பாளைத் தொடும் அளவுக்குச் சற்றே திறந்து கையை எடுத்துப் பாருங்கள். ஸ்பிரிங் தளர்ந்த கேட் அங்கேதான் தோற்கும், அந்த வேகத்தில் தாழ் விழாது. தாழ்ப்பாளின் கைப்பிடி 54 அங்குலத்துக்குக் கீழே இருந்தால் அது குளத்தின் பக்கம், கேட்டின் மேல்விளிம்பிலிருந்து குறைந்தது 3 அங்குலம் கீழே இருக்க வேண்டும். வெளியே நிற்கும் குழந்தையின் கை எட்டக் கூடாது என்பதுதான் காரணம்.

இன்னொன்று: சூட்டைக் காக்க விரிக்கும் குமிழி பிளாஸ்டிக் விரிப்பைப் பாதுகாப்பு மூடி என்று எண்ணிவிடாதீர்கள். குழந்தை அதன்மேல் விழுந்தால் அது தாங்காது. உள்ளே சரிந்த குழந்தையை மேலே இருந்து பார்க்கவும் முடியாது.

அப்புறம், வடிகால், அதாவது பம்ப் குளத்துத் தண்ணீரை உறிஞ்சும் வாய். என்னைப் பொறுத்தவரை பாடத்திலேயே மிக முக்கியமான பகுதி இதுதான். இங்கே நேரத்தைத் தாராளமாகச் செலவிடுங்கள். 2002-இல் வர்ஜீனியா கிரேம் பேக்கர் என்ற 7 வயதுச் சிறுமி ஸ்பாவின் வடிகால் உறிஞ்சலில் சிக்கி இறந்தாள். அவள் பெயரில் 2007-இல் அமெரிக்காவில் சட்டம் வந்தது. எவ்வளவு இழுவை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 செ.மீ. விட்டமுள்ள வாயின் பரப்பு சுமார் 314 சதுர செ.மீ. ஒரு சதுர செ.மீ.க்கு அரை கிலோ அழுத்த வேறுபாடு என்றாலே மொத்தம் 150 கிலோவைத் தாண்டுகிறது. பெரியவர் ஒருவரால் கையால் பிடித்து இழுத்து விடுவிக்க முடியாத எடை அது. முடி சிக்குதல், கை கால் சிக்குதல், உடல் ஒட்டிக்கொள்ளுதல், குடல் வெளியே இழுக்கப்படுதல், நகையோ உடையோ மாட்டிக்கொள்ளுதல் என்று ஐந்து வகை ஆபத்து சொல்வார்கள், ஐந்தையும் தெரிந்துகொள்ளுங்கள்.

இரண்டு வடிகால்கள் குறைந்தது 3 அடி இடைவெளியில் இருக்க வேண்டும் என்பதன் காரணமும் இதில் அடங்கியிருக்கிறது. ஒன்றை உடல் அடைத்தாலும் பம்ப் மற்றொன்றின் வழியே தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஒரே உடல் இரண்டையும் மறைக்கவும் முடியாது. வடிகால் மூடியில் பொறித்திருக்கும், அது தாங்கும் நீரோட்ட அளவையும் ஆயுட்காலத்தையும் படியுங்கள். பெரிய பம்ப் மாற்றிய வீட்டில் பழைய மூடியே இருந்தால், உடையாத மூடியும் குறைதான். மூடி உடைந்தோ காணாமலோ இருந்தால் அறிக்கை வரும்வரை காத்திருக்கக் கூடாது. யாரும் இறங்க வேண்டாம், பம்பை நிறுத்துங்கள் என்று வீட்டுக்காரரிடம் அங்கேயே சொல்லிவிட வேண்டும். தண்ணீர் கலங்கி அடி வடிகால் கண்ணுக்குத் தெரியாவிட்டால் அதையும் குறையாகவே எழுதுங்கள். மூழ்கிக் கிடப்பவரும் தெரியமாட்டார்.

மின்சாரத்தில் எர்த்திங் வேறு, பாண்டிங் வேறு என்பது பிடிபட்டால் பாதி கேள்விகள் தீர்ந்தன. எர்த்திங், கசிவு வந்தால் மின்னோட்டம் திரும்பிப்போக வழி தந்து பிரேக்கரை விழவைக்கிறது. பாண்டிங்கின் வேலை வேறு: கைப்பிடி, ஏணி, பம்ப், கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி எல்லாவற்றையும் செம்புக் கம்பியால் இணைத்து ஒரே மின்னழுத்தத்தில் வைப்பது. தண்ணீரில் நின்று ஏணியைத் தொடுகிறவர் உடலுக்குள் மின்னோட்டம் பாய வேறுபாடே இருக்காது. சாதாரண பிரேக்கர் உயிரைக் காக்காது. கசிவைக் கண்டதும் துண்டிக்கும் சாதனம் இருக்கிறதா, டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழுகிறதா என்று பாருங்கள். மின்பெட்டியைத் திறப்பது தகுதி பெற்ற மின்பணியாளரின் வேலை.

குளோரினும் அமிலமும் ஒரே அலமாரியில் இருந்தால் உடனே குறித்துக்கொள்ளுங்கள். கலந்தால் நச்சு வாயு. ஆடும் ஏணி, விரிசல் விட்ட விளிம்பு, ஆழக் குறியீடு ஆகியவற்றை ஒருமுறை படித்தால் போதும்.

அறிக்கை எழுதும் கேள்விக்குத் தனியாகப் பயிற்சி எடுங்கள். "கேட் சரியில்லை" என்று எழுதினால் மதிப்பெண் குறையும். "கேட்டை 10 செ.மீ. திறந்து விட்டபோது தாழ் விழவில்லை, குழந்தை தள்ளித் திறக்கலாம், கீலையும் தாழ்ப்பாளையும் உடனே சரிசெய்ய வேண்டும்" என்று பார்த்தது, ஆபத்து, செய்ய வேண்டியது மூன்றையும் எழுதுங்கள். இங்கே நான் சொன்ன அளவுகள் மாதிரி விதிகளைச் சேர்ந்தவை. ஆஸ்திரேலிய நெறிமுறையில் வேலியைச் சுற்றி 90 செ.மீ. ஏற முடியாத இடம் வேண்டும் என்று இருக்கிறது. உங்கள் தேர்வு எந்த விதியைப் பின்பற்றுகிறதோ அதன் எண்களைப் பக்கத்தில் எழுதி வைத்துப் படியுங்கள்.