மூக்கு ரோட்டைப் பார்த்து நிக்கணும்

ஞாயிற்றுக்கிழமை பெரியத்தை பேத்தி கல்யாணத்தில் தாலி கட்டியதை நான் பார்க்கவில்லை. கெட்டிமேளம் மட்டும் காதில் விழுந்தது. அந்த நேரத்தில் நான் மண்டபத்துக்குப் பின்பக்கம் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். காரணம் வேறு யார், அப்பாதான்.

உள்ளே நுழைந்ததுமே எதிரில் நல்ல இடம். அப்படியே மூக்கை நுழைத்தால் பத்து விநாடி வேலை. பின்சீட்டிலிருந்து குரல் வந்தது.

“ஏத்தா, ரிவர்ஸ்ல போடு.”

“முகூர்த்தம் முடியப்போகுதுப்பா.”

“வர்றப்ப என்ன அவசரம்? போறப்பதான் அவசரம் வரும்.”

சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். வேட்டியை மடித்துக் கட்டினார். சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்தார். அம்மா முந்தானையை இழுத்து முகத்தில் பாதியை மறைத்துக்கொண்டாள். இவர் போனில் ஏதோ உலக முக்கியமான செய்தியைப் படிக்க ஆரம்பித்துவிட்டார். மாமனார் விசில் எடுத்தால் இவருக்கு எப்போதும் செய்தி வந்துவிடும்.

அப்பா வாழ்க்கையில் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. சைக்கிளே குரங்குப்பெடலோடு நின்றுவிட்டது. ஆனால் 31 வருட கண்டக்டர் சர்வீஸில் அவர் ஊதி ஊதிப் பின்னால் எடுக்கவைத்த பஸ்களை வரிசையாக நிறுத்தினால் மதுரையிலிருந்து தேனி வரை நிற்கும். பஸ் ஸ்டாண்டில் எல்லா வண்டியும் நடைமேடையில் மூக்கை வைத்துத்தான் நிற்கும். கிளம்பும்போது பின்னால் வரவேண்டும். பின்னால் என்ன இருக்கும்? வெள்ளரிப்பிஞ்சுக் கூடை, மூட்டை மேல் தூங்கும் கிழவி, அம்மா கையை உதறிவிட்டு ஓடும் பிள்ளை, அடுத்த பஸ்ஸின் மூக்கு. டிரைவருக்கு இது எதுவும் தெரியாது. அதனால்தான் அப்பாவுக்கு ஒரே கொள்கை: ஆளில்லாத இடத்துக்குள் பின்னால் போ, ஆளிருக்கிற இடத்துக்கு முகத்தைக் காட்டி வா. இதைச் சாப்பாட்டுத் தட்டில் ரெண்டு அப்பளத்தை வைத்துக்கூட விளக்கியிருக்கிறார்.

“திரும்புற சக்கரம் முன்னாடி இருக்கு. திரும்பாததை முதல்ல உள்ள வச்சிட்டா, மூக்கு தன்னால வந்து சேரும்” என்பார். உண்மைதான். ஒத்துக்கொண்டால் அடுத்து இன்னொரு அப்பளம் எடுப்பார் என்பதால் நான் ஒத்துக்கொள்வதில்லை.

நான் கற்றுக்கொண்ட லட்சணமும் அப்படி. லைசென்ஸ் டெஸ்டில் குறுகலான இடத்துக்குள் ரிவர்ஸ் எடுத்துக் காட்ட வேண்டும் என்று 1989ஆம் வருட விதியிலேயே இருக்கிறதாம். என்னை நேராக நூறடி ஓட்டவிட்டு, “சரி, இறங்கும்மா” என்றார்கள்.

சரி, மண்டபத்துக்கு வருகிறேன். ஒரு பொம்பளை ஓட்டும் வண்டியில் ரிவர்ஸ் லைட் எரிந்தால் போதும், ஊரே கூடிவிடும். வாட்ச்மேன் வந்தார். தேங்காய் துருவிக்கொண்டிருந்தவர் துருவியோடு வந்தார். பேண்டு செட் பையன் ஒருவன் டிரம்மைக் கழற்றாமலே வந்தான். “லெஃப்ட்ல ஒடிங்க”, “உடைச்சு வாங்க”, “நேர் பண்ணுங்க”, “வரலாம் வரலாம் வரலாம்.” ஒருவருடைய லெஃப்ட் இன்னொருவருக்கு ரைட். இதற்கு நடுவில் வண்டியின் சென்சார் வேறு கீ கீ என்று கத்துகிறது. 2019 ஜூலையிலிருந்து புது கார்களுக்கெல்லாம் அது கட்டாயம். அப்பாவுக்கு அதன்மேல் ஒரு தொழில் பொறாமை. “அது கத்தத்தான் செய்யும். பிள்ளை குறுக்க வந்தா கையப் பிடிச்சு இழுக்குமா?” என்பார்.

கடைசியில் அத்தனை சத்தத்துக்கும் மேலே விசில். விட்டு விட்டு ஊதினால் வா; நீளமாக ஒன்று ஊதினால் நில். கண்ணாடியில் அவர் கையை மட்டும் பார்த்து ஓட்டினேன். சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளியில் கச்சிதமாக நின்றது. பேண்டு செட் பையன் டிரம்மில் ஒரு தட்டுத் தட்டினான்.

இறங்கியதும் அம்மா கேட்டாள், “கிரைண்டரை எப்படி எடுக்கிறது?”

மொய்க்குப் பதிலாக வாங்கிய டேபிள் டாப் கிரைண்டர் டிக்கியில் இருந்தது. டிக்கி சுவரைப் பார்த்து இருந்தது. மறுபடி வண்டியை வெளியே எடுத்தேன். அதற்குள் ஒரு வெள்ளைக் கார் அந்த இடத்தில் மூக்கை நீட்ட, அப்பா நடுவில் நின்று இரண்டு கையையும் விரித்து, “ஆள் வருது, ஆள் வருது” என்றார். பஸ்ஸில் சீட்டுக்குத் துண்டு போட்டவர்களை வாழ்நாள் முழுக்கத் திட்டியவர். மறுபடி விசில், மறுபடி சாண். முதல் பந்தியும் போச்சு.

மத்தியானம் கிளம்பும்போதுதான் அப்பாவின் தத்துவம் பலிக்கிற நேரம். மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் வெளியே வந்தது. மூக்கை நுழைத்தவர்கள் எல்லாரும் பின்னால் வரமுடியாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வண்டி மட்டும் ரோட்டைப் பார்த்து நின்றது. கியரைப் போட்டால் போய்க்கொண்டே இருக்கலாம். ஏசியைப் போட்டேன். இவர் ஏறினார், அம்மா தாம்பூலப் பையோடு ஏறினாள். அப்பாவைக் காணோம்.

விசில் கேட்டது.

கூட்டத்துக்கு நடுவில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிறார். ஒவ்வொரு வண்டியாக எடுத்துவிடுகிறார். ஒரு கையால் பிள்ளைகளை ஓரம் கட்டுகிறார், இன்னொரு கையால் ஒரு பெரிய வேனின் முதுகில் டப் டப் என்று தட்டுகிறார். அந்த வெள்ளைக் காரையும் எடுத்துவிட்டார். போகும்போது அதன் கண்ணாடி இறங்கி ஒரு ஐம்பது ரூபாய் நோட்டு வெளியே நீண்டது. வாட்ச்மேன் என்று நினைத்துவிட்டார் போல.

நோட்டைப் பார்த்ததும் அப்பாவின் இடது கை தன்னால் கக்கத்துக்குப் போனது, தோல்பையைத் தேடி. “சில்லறையா இருந்தா குடுங்க” என்றார். அப்புறம்தான் சுதாரித்து, சிரித்து, நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

அம்மா எதுவும் சொல்லவில்லை. ஏசி வாயைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

நாங்கள் கிளம்பும்போது மணி மூன்றேகால். மைதானத்தில் எங்கள் வண்டி மட்டும்தான், அப்புறம் வாழையிலை மேயும் ஒரு மாடு. அப்பா ஏறி உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

“பாத்தியாத்தா, ரிவர்ஸ்ல போட்டதுனால எவ்வளவு சுளுவா வெளிய வந்துட்டோம்” என்றார். ரெண்டு விசில் ஊதினார். எடுத்தேன்.