அடெல்போடனுக்கு மூட்டை கட்டுதல்

பெப்ரவரியில் விளையாட்டு விடுமுறை விட்டால் சுவிட்சர்லாந்தில் நாங்கள் இருக்கும் பேர்ண் பிள்ளைகளில் பலர் பனியில் சறுக்க மலைக்குப் போய்விடுவார்கள். எங்கள் வீட்டு இரண்டும் விடுவதில்லை. எங்களிடம் கார் கிடையாது. ஃபுருட்டிகன் வரை ரயில், அங்கிருந்து அடெல்போடன் என்ற மலைக்கிராமத்துக்குப் பஸ். மாறி ஏறும் இடத்தில் பெட்டியைப் பிடிப்பதா, சின்னவனைப் பிடிப்பதா என்று திண்டாட முடியாது. ஆளுக்கொரு முதுகுப்பை, அவ்வளவுதான்.

சறுக்குப்பலகை, கோல், கல்லுப்போல் கனக்கும் சப்பாத்து எல்லாம் அங்கேயே வாடகைக்கு எடுக்கிறோம். வளரும் பிள்ளைக்கு அவற்றை வாங்கினால் அடுத்த மாரிக்குக் கால் நுழையாது. தோலில் ஒட்டும் உடுப்பில் மட்டும் நான் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை: மெரினோ கம்பளியில் மெல்லிய உள்ளுடுப்பு, மேலுக்கும் கீழுக்கும். அம்மா எப்படியும் பருத்தி பெனியன்களைப் பைக்குள் செருகிவிடுவார். நான் திரும்ப எடுத்து அலுமாரியில் வைப்பேன். யாழ்ப்பாணத்து வெயிலுக்குப் பருத்தியை அடிக்க ஒன்றுமில்லை. மலையிலோ அது வியர்வையைக் குடித்துவிட்டு ஈரமாகவே கிடக்கும். சறுக்குவோரை மேலே ஏற்றிச் செல்லும் கம்பிவட லிஃப்டில் அசையாமல் இருக்கும்போது காற்றடித்தால் அந்த ஈரமே உடம்புச் சூட்டை இழுத்துவிடும்.

காலுறை விஷயத்தில் அம்மாவும் நானும் இன்னும் சமாதானமாகவில்லை. குளிருக்கு இரண்டு சோடி போட வேண்டும் என்பது அவர் கட்சி. இறுக்கமான அந்தச் சப்பாத்துக்குள் இரண்டு போட்டால் மடிப்பு விழுந்து கொப்புளம் போடும். இரத்தவோட்டம் குறைந்து விரல்கள் இன்னும் விறைக்கும். முழங்கால் வரை வரும் மெல்லிய கம்பளிக் காலுறை ஒன்றே போதும்.

சின்னவனுக்கு விரல் பிரியாத கையுறை. விரல்கள் சேர்ந்திருந்தால் ஒன்றையொன்று சூடாக்கும். இரண்டையும் நாடாவில் கோர்த்து ஜாக்கெட் கைகளுக்குள் விட்டுவிடுவேன். லிஃப்டிலிருந்து விழுந்ததைத் தேடி யார் போவது? நீளச் சால்வை வேண்டாம், எங்காவது மாட்டிக்கொள்ளும். கழுத்துக்குக் குழாய்போல் தைத்த துணி இருக்கிறது.

வெயில் களிம்பை எடுத்தால், நமது தோலுக்கு அது எதற்கு என்று கணவர் சிரிப்பார். புதுப்பனி புறஊதாக் கதிர்களில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். வெயில் கீழிருந்தும் வருகிறது, தாடைக்கு அடியிலும் பூசுங்கள் என்று சொல்லிச் சொல்லி எனக்குத்தான் தொண்டை வறண்டுவிடும். மதியத்துக்கு ரொட்டியும் சம்பலும், பிளாஸ்கில் இஞ்சித் தேநீரும்.

கடைசியாக ஒரு துண்டுத் தாள். அதில் நால்வரின் எடை, உயரம், வயது. விழும்போது பலகை காலை விட்டுக் கழன்றுகொள்ள வேண்டும். எவ்வளவு விசையில் கழல வேண்டும் என்பதை வாடகைக் கடைக்காரர் இவற்றோடு சப்பாத்தின் அடி நீளத்தையும் சறுக்கும் திறமையையும் பார்த்துத்தான், சப்பாத்தைப் பலகையோடு பிணைக்கும் பூட்டில் அமைப்பார். மகள் எடையைக் குறைத்துச் சொல்வாள், மகன் திறமையைக் கூட்டிச் சொல்வான். அதனால் வாயால் சொல்ல விடுவதில்லை, தாளை நானே நீட்டிவிடுவேன்.