கண்காட்சிக்குச் சேவல் தேடுகிறவர்கள் முதலில் பெட்டையைப் பாருங்கள்

திண்டுக்கல், சேலம் பக்கம் நடக்கும் கிளிமூக்கு விசிறிவால் சேவல் கண்காட்சிக்கு முதல்முறை போய் வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஒரே ஆசைதான் வருகிறது. பரிசு வாங்கிய சேவலை, இல்லையென்றால் அதன் கூடப்பிறந்ததை, எப்படியாவது வாங்கி வீட்டுக் கொல்லையில் விட்டுவிட வேண்டும். ஐம்பதாயிரம், லட்சம் என்று விலை சொல்வார்கள். அந்தப் பணத்தைச் சேவலில் போடாதீர்கள். இரண்டு நல்ல பெட்டைகளில் போடுங்கள்.

காரணம் எளிது. குஞ்சுக்குப் பாதிதான் சேவல் தருகிறது, மீதி தாய்வழி. ஊர்க்கோழிகளோடு அந்த லட்ச ரூபாய்ச் சேவலைச் சேர்த்தால் முதல் ஈட்டிலேயே மூக்கு நேராகிவிடும், வால் மேலே தூக்கிக்கொள்ளும். பிறகு நாலைந்து தலைமுறை பொறுக்கிப் பொறுக்கித்தான் இழந்ததை மீட்க முடியும். நல்ல வம்சத்துப் பெட்டை கையில் இருந்தால் சேவலை வெளியிலிருந்து இணைக்கு வாங்கலாம். பெட்டையை யாரும் இரவல் தர மாட்டார்கள், நல்லதை விற்கவும் எளிதில் மனம் வராது. அதனால்தான் அதற்குக் காத்திருந்து வாங்க வேண்டியிருக்கிறது.

எதைப் பார்ப்பது? மேல் அலகு குட்டையாக, அடி பருத்து, தொடக்கத்திலிருந்தே வளைந்து இறங்க வேண்டும். கீழ் அலகு அதனுள் பொருந்தி உட்கார வேண்டும். நேராகப் போய் நுனியில் மட்டும் கொக்கிபோல் வளைந்திருந்தால் அது வெட்டாமல் விட்ட சாதாரண அலகு. சிலர் அரம் போட்டுத் தேய்த்துக் கிளிமூக்காக்கி விற்கிறார்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். இயற்கை அலகு வழவழப்பாக ஒரே வளைவில் ஓடும். அரம் பட்ட இடம் மங்கி, குறுக்குக் கீறலோடு தெரியும். இரண்டு அலகும் ஒன்றோடொன்று விலகிக் கோணலாக இருந்தால் எவ்வளவு அழகான பறவையானாலும் இனப்பெருக்கத்துக்கு வேண்டாம்.

கண் முத்துபோல் வெளுத்திருக்க வேண்டும் என்பார்கள். ஆறு மாதக் குஞ்சில் அதை எதிர்பார்க்காதீர்கள். இளமையில் கருமையாக இருந்து வயது ஏற ஏறத்தான் வெளுக்கும். அதனால் இளம் பறவையின் கண்ணை விட அதன் தாய் தகப்பன் கண்ணைப் பார்ப்பதே சரி. காலும் நகமும் வெள்ளை, கொண்டை தலையோடு படிந்து சிறியது, தாடி இருந்தும் இல்லாததுபோல். சேவல் நாலு முதல் ஆறு கிலோ. வால் அடியில் அகன்று, விசிறியாக விரிந்து, பின்னால் சாய்ந்து தரையை நோக்கிப் போக வேண்டும். பெட்டைக்கும் இதே கணக்குதான். வாலைத் தூக்கிப் பிடிக்கும் பெட்டை எத்தனை பெரிய பெயருள்ள வீட்டிலிருந்து வந்தாலும் தள்ளிவிடுங்கள், அதன் மகன்கள் வாலைத் தூக்குவார்கள்.

இனத்தூய்மையைக் கண்ணால் மட்டும் சொல்ல முடியாது, குஞ்சுகளைத்தான் கேட்க வேண்டும். இதற்கு இரண்டு நல்ல அடையாளங்கள் உண்டு. மூன்று வரிசைச் சிறு முள்ளாகப் படிந்த கொண்டை, ரம்பம்போல் நிமிர்ந்த ஒற்றைக் கொண்டையை மறைத்து வைக்கும். வெள்ளைக் காலும் மஞ்சள் காலை அப்படித்தான் மறைக்கும். படிந்த கொண்டையும் வெள்ளைக் காலும் உள்ள சேவலுக்கும் பெட்டைக்கும் ஒரே ஒரு ஒற்றைக் கொண்டைக் குஞ்சோ மஞ்சள் கால் குஞ்சோ பிறந்தால்கூட, இருவருக்குள்ளும் கலப்பு ஒளிந்திருக்கிறது என்று முடிவு கட்டிவிடலாம். சேவலின் மேல் மட்டும் பழி போட முடியாது, இரு பக்கமிருந்தும் வந்தால்தான் அது வெளியே தெரியும். இருவரும் மறைத்து வைத்திருந்தால் சராசரியாக நாலில் ஒரு குஞ்சில் காட்டும். அப்படியும் தற்செயலாக அது வராமல் பன்னிரண்டு குஞ்சும் சரியாகப் பிறக்கும் வாய்ப்பு சுமார் 3 சதவீதம்தான். ஆகவே விற்பவரிடம் அந்த ஜோடியின் ஓர் அடைக் குஞ்சு முழுவதையும் காட்டச் சொல்லுங்கள். பொறுக்கி வைத்த இரண்டைக் காட்டினால் போதாது. கழித்துக் கட்டிய குஞ்சுகள் எங்கே போயின என்றும் கேளுங்கள். நல்ல வளர்ப்பாளர் தயங்காமல் சொல்வார்.

இதனால்தான் சந்தையை விட வளர்ப்பவர் வீடு மேல் என்கிறேன். அய்யலூர் மாதிரி வாரச் சந்தையில் நல்ல பறவைகள் வரத்தான் செய்கின்றன. ஆனால் தாயும் வராது, தங்கையும் வராது, கூடவே யார் வீட்டு நோயும் வரும். கண்காட்சிக்குப் போவது வளர்ப்பவர்களை அறிந்துகொள்ள. யாருடைய பறவைகள் ஒன்றுபோல் இருக்கின்றன என்று கவனியுங்கள். ஒரே வீட்டின் நாலு சேவலும் ஒரே மூக்கு, ஒரே வால் என்று நின்றால், அவற்றில் ஒன்றுகூடப் பரிசு வாங்காவிட்டாலும் அந்த வீட்டுக்குத்தான் போக வேண்டும்.

ஒரு சேவல், இரண்டு பெட்டை போதும் தொடங்க. இந்த இனத்துப் பெட்டைகள் ஓர் ஈட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டைதான் இடும், ஆனால் அடையில் உட்கார்ந்தால் அசையாது. முட்டை வாங்கிவந்து வைப்பதானால் ஏழு நாளுக்கு மேல் பழசாகாத முட்டையாகக் கேளுங்கள். பயணம் முடிந்ததும் அகன்ற முனை மேலே இருக்கும்படி அரை நாளாவது ஆற வைத்துவிட்டு அடைக்கு வையுங்கள். பொரித்த அன்றே விரலிடைச் சவ்வில் துளையிட்டு அடையாளம் செய்துவிடுங்கள். இரண்டு காலிலும் சேர்த்து நாலு சவ்வு, அதில் பதினாறு விதமாகக் குறி வைக்கலாம். எது யாருடைய குஞ்சு என்று தெரியாமல் தகப்பனோடு மகளை விட்டால் பிறக்கும் குஞ்சின் உள்ளினச் சேர்க்கை (நெருங்கிய ரத்த உறவுக் கலப்பு) அளவு 25 சதவீதம். வம்சத்தை இறுக்க ஒருமுறை தெரிந்தே செய்யலாம். தெரியாமல் திரும்பத் திரும்ப நடந்தால் பொரிப்பு குறையும், குஞ்சு நோஞ்சானாகும்.

இனி வால். கண்காட்சியில் தோற்கிற விசிறிவால் சேவல்களில் பல பிறப்பால் தோற்பதில்லை, கூண்டால் தோற்கின்றன. தரையிலேயே படுக்கும் சேவலின் வால் நுனி எச்சத்திலும் ஈரத்திலும் நைந்துபோகும். குறுகிய கூண்டில் திரும்பும்போதெல்லாம் கம்பியில் உரசி நடு இறகுகள் முறியும். ஆகவே உயரத்தில் படுக்கைக் கட்டை வேண்டும், தரையிலிருந்து மூன்றடி, பின்சுவரிலிருந்து இரண்டரை அடி தள்ளி. ஆனால் ஐந்து கிலோ சேவல் தினமும் மூன்றடியிலிருந்து கடினத் தரையில் குதித்தால் உள்ளங்கால் அடிபட்டு, சீழ் கட்டி, ஆணி விழும். வாலைக் காக்கப் போய்க் காலை இழப்பது இப்படித்தான். இரண்டையும் காக்க ஒரே வழி, கட்டைக்கு முன்னால் ஒன்றரை அடி உயரத்தில் ஒரு படி, அதன் கீழே நாலு அங்குல ஆழத்துக்குச் சலித்த ஆற்றுமணல். சேவல் இரண்டு தாவலில் இறங்கும். கட்டை இரண்டு மூன்று அங்குல அகலம், மேல் விளிம்பு மழுக்கியது. உருண்டை மூங்கில் வேண்டாம். கனத்த இளம் சேவல் அதில் நெஞ்சை வைத்துப் படுத்தால் நெஞ்செலும்பு வளைந்துவிடும், நடுவர் கையில் எடுத்ததும் தட்டுப்படும்.

மூன்று நாலு மாதத்திலேயே சேவல் குஞ்சுகள் மோதத் தொடங்கும். அதற்கு முன்பே பிரித்து, ஒன்றையொன்று பார்க்காதபடி நடுவே தட்டி வையுங்கள். காலில் கயிறு கட்டி வளர்த்தால் வெள்ளைக் காலில் தழும்பு நிற்கும். சண்டைத் தழும்பும் அழகுப் போட்டியில் குறைதான். இந்தச் சேவலைச் சண்டைக்குப் பழக்குவது பற்றி யாராவது பேசினால் விலகி விடுங்கள். விலங்குகளை மோதவிடுவது 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அதோடு, நீங்கள் இரண்டு வருடம் காத்த வால் ஒரு நிமிடத்தில் போய்விடும்.

இறகு உதிரும் காலத்தில் தீவனத்தில் கஞ்சத்தனம் கூடாது. இறகு முழுக்கப் புரதம். கம்பும் சோளமும் மட்டும் போட்டால் புது இறகு மெலிந்து, குறுக்கே கோடு விழுந்து வரும், பிறகு அந்தக் கோட்டிலேயே ஒடியும். மற்ற நாளில் 16 சதவீதப் புரதம் போதும், அப்போது 18 முதல் 20 வரை கொடுங்கள். கடலைப் புண்ணாக்கில் புரதம் நிறைய இருந்தாலும் இறகுக்கு வேண்டிய மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் குறைவு, பூஞ்சை நஞ்சும் எளிதில் சேரும். எள்ளுப் புண்ணாக்கு, உப்பில்லாத மீன் தூள் இரண்டும் அந்தக் குறையை நிரப்பும். மக்காச்சோளம் கொடுத்தால் கால் மஞ்சளாகிவிடும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. வெள்ளைத் தோல் மரபு உள்ள பறவையில் அந்த நிறமி தோலில் தங்குவதில்லை. கிளிமூக்குச் சேவலுக்குத் தரையில் இறைத்த தானியம் பொறுக்குவது சிரமம். இரண்டு அங்குலமாவது தீவனம் நிற்கிற ஆழமான கிண்ணம் வையுங்கள்.

புது இறகு குருத்தாக இருக்கும்போது உள்ளே ரத்தம் ஓடும், அப்போது சேவலைக் கையாளவே வேண்டாம். முறிந்த பழைய இறகைக் கத்தரித்தால் அடுத்த உதிர்வு வரை அப்படியே நிற்கும். வேரோடு எடுத்தால் மட்டுமே இரண்டு மாத அளவில் புதியது வளரும். ஆனால் வாலில் இந்த வேலையை அனுபவமுள்ளவர் கையில் விடுவதே நல்லது, வேர்ப்பை கிழிந்தால் அடுத்த இறகு முறுக்கிக்கொண்டு வரும்.

வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசி போடாத பறவையைக் கண்காட்சிக்குக் கொண்டுபோவது மற்ற எல்லார் வீட்டுக் கோழிக்கும் செய்கிற துரோகம். ஏழாம் நாள் லசோட்டா என்ற தடுப்பு மருந்து கண்ணில் ஒரு சொட்டு, இருபத்தெட்டாம் நாள் மறுபடி, எட்டு வாரம் முடிந்ததும் ஆர்2பி என்ற ஊசி மருந்து அரை மில்லி இறக்கைத் தோலுக்கடியில். பிப்ரவரியில் கால்நடைத் துறை இலவச முகாமும் நடத்துகிறது. மருந்தைப் பனிக்கட்டியோடு எடுத்துவந்து, கலந்த இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். வெயிலில் வைத்த மருந்து வெறும் தண்ணீர். கண்காட்சிக்கு மூன்று வாரமாவது முன்பு போடுங்கள், எதிர்ப்பு உருவாக அவ்வளவு நாள் வேண்டும். ஆறு வாரத்துக்கு முன்பே எச்சத் துவாரத்தைச் சுற்றிய இறகுகளைப் பிரித்து, அடியில் பேன் முட்டை கொத்தாக ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். மணலும் சாம்பலும் கலந்த குழி எப்போதும் இருக்கட்டும். கால் செதில் தூக்கி, சுண்ணாம்பு பூத்ததுபோல் இருந்தால் அது பூச்சி. எண்ணெயை வாரம் இருமுறை ஊறத் தடவிவந்தால் உதிரும், சுரண்டக் கூடாது.

குளிப்பாட்டுவது மூன்று நாள் முன்பு. முந்தின நாள் குளித்த சேவல் பஞ்சுபோல் உப்பி நிற்கும். வாலடிச் சுரப்பியின் எண்ணெயை அதுவே கோதித் தடவிக்கொள்ள இரண்டு மூன்று நாளாகும், அதற்குப் பிறகுதான் மினுக்கு வரும். காலையிலேயே, வெயிலுள்ள நாளில் செய்யுங்கள். மூன்று தொட்டி, கைபொறுக்கும் வெதுவெதுப்பு. முதலாவதில் பத்து லிட்டருக்கு ஒரு கரண்டி குழந்தை ஷாம்பு, இரண்டாவதில் வெறும் தண்ணீர், மூன்றாவதில் ஒரு கரண்டி வினிகர், அது சோப்பின் மிச்சத்தை எடுத்துவிடும். எப்போதும் வேரிலிருந்து நுனிக்குத்தான் தேய்க்க வேண்டும். வாலை ஒரு பலகையில் பரப்பி, சவரத் தூரிகையால் இறகு இறகாகக் கழுவுங்கள். கால், நகங்களுக்குப் பழைய பல்துலக்கி. வளைந்த இறகைக் கொதிக்கும் பாத்திரத்தின் ஆவியில் சில நொடி காட்டி விரலால் நீவினால் நேராகும், தண்டு முறிந்திருந்தால் ஆகாது. காற்றில்லாத நிழலில் உலர்த்தி, புது வைக்கோல் போட்ட கூண்டில் விடுங்கள். தேங்காய் எண்ணெய் அன்று காலையில், கொண்டைக்கும் முகத்துக்கும் காலுக்கும் மட்டும், துடைத்தெடுத்த அளவு. இறகில் பட்டால் மைதானத்துப் புழுதி முழுக்க அதில்தான்.

கூட்டம் பழகாத சேவல் நடுவர் முன்னால் கூனி, வாலை ஒடுக்கி நிற்கும். ஒரு மாதமாவது தினமும் வேறு வேறு ஆட்கள் தூக்கட்டும், அலகைத் திறந்து பார்க்கட்டும். பயணத்துக்கு மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், இரண்டரை அடி உயரப் பெட்டி, ஒரு பெட்டிக்கு ஒரு சேவல். வாலைப் பழைய வேட்டித் துணியில் தளரச் சுற்றுங்கள், இறுக்கினால் மடிப்பு விழும். விடியும் முன் கிளம்பி, போகும் வழியில் தண்ணீர் மட்டும். ஊருக்கு ஊர் மதிப்பெண் கணக்கு மாறும் என்பதால் மூக்குக்கு எவ்வளவு, வாலுக்கு எவ்வளவு, எடை உண்டா, வயது வரம்பு உண்டா என்று பெயர் பதியும்போதே கேட்டுவிடுங்கள். மூக்கு பலமும் வால் சுமாருமான சேவலை எங்கே கொண்டுபோவது என்பது அதில்தான் தெரியும். பக்கத்துச் சேவல் எட்டாத தூரத்தில் இடம் கேட்டு வாங்குங்கள். உங்கள் தண்ணீர்க் கிண்ணம் உங்களோடு வரட்டும், மைதானத்துப் பொதுக் கிண்ணத்தில் வாய் வைக்க விடாதீர்கள்.

திரும்பியதும், பரிசு வாங்கி வந்திருந்தாலும், சேவலை நேரே பெட்டைகளோடு விடக் கூடாது. மற்றக் கோழிகளிடமிருந்து எட்டத் தள்ளி, தனிக் கூண்டில் மூன்று வாரம், முடிந்தால் ஒரு மாதம். தீவனம் வைக்கும்போது வீட்டுக் கோழிகளுக்கு முதலில், இதற்குக் கடைசியில். அந்தக் கூண்டுக்குத் தனிச் செருப்பு. முகம் வீங்குவது, மூக்கில் சளி, பச்சையாகவோ வெள்ளையாகவோ கழிவது, கழுத்து திருகுவது இவற்றில் எது தென்பட்டாலும் உடனே கால்நடை மருத்துவரிடம். அன்று மைதானத்தில் வாங்கிய பெட்டைக்கும் இதே விதிதான், ஆனால் இதே கூண்டில் அல்ல.